உக்காந்தசாமிக்கு முன்னால் பிடிக்கும் துணி

லாரிச் சத்தம் கேட்டால், வண்டி ஓட்டிவிட்டு நீங்கள்தான் வருகிறீர்கள் என்று இன்னும் வாசலுக்கு எழுந்து வருகிற உங்கள் மகள் எழுதுகிறேன், அப்பா.

முதலில் என் கண்ணில் பட்டது ஆட்டுப்புழுக்கை. உக்காந்தசாமியின் மடியில், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் அந்த இரண்டு உள்ளங்கைகளுக்குள், ஏழெட்டுப் புழுக்கை காய்ந்து கிடந்தது. யாரோ மிளகை எண்ணி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. பக்கத்தில் நாலைந்து கறுப்பு மயிர். ஆடி பிறந்து மூன்றாம் நாள், வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன்.

எந்த ஆடு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தபோது நீங்களே கேட்டீர்கள், "என்னம்மா, ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு?" என்று. "ஒண்ணுமில்லப்பா" என்றேன். நாம் இரண்டு பேரும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

உக்காந்தசாமியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் எழுதும்போது அவரை ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. செந்துறை ரோட்டிலிருந்து பிரிகிற வண்டிப்பாதை முந்திரிக்காட்டுக்குள் போய் முடிகிற இடத்தில், கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்த நிலையிலேயே உங்களைவிட ஒரு முழம் உயரம். அத்தனையும் ஒரே கருங்கல். மூக்கு உடைந்திருக்கிறது. காது தோள்வரை தொங்குகிறது. தலைமுழுக்கச் சுருள் சுருளாக முடி. சின்ன வயதில் அதை நத்தைகள் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்திருந்தேன். கையில் ஆயுதம் கிடையாது. வாகனம் கிடையாது. பக்கத்தில் ஓர் அம்மனும் கிடையாது.

இருபதடி தள்ளிப் பனைமரத்தடியில் காவல்தெய்வம் கருப்பு, அரிவாளும் மீசையுமாக நிற்கிறார். ஊர்ச்சனம் கும்பிடுவது அவரைத்தான். இவருக்குப் போகிறபோக்கில் ஒரு கும்பிடு, அவ்வளவே.

ஆனால் ஆடியில் கருப்புக்குக் கிடா வெட்டும்போது மட்டும் எல்லோருக்கும் இவர் ஞாபகம் வந்துவிடும். இவர் முன்னால் உயிர் போகக்கூடாது. இவர் அதைப் பார்க்கக்கூடாது. அதனால் இவர் முகத்துக்கு நேரே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து மறைப்பார்கள். தைக்காத, கரையில்லாத துணி. அதைப் பிடிப்பது நம் வீட்டின் வேலை. பீடத்தின்மேல் ஏறி நின்று ஒரு முனையை நீங்கள் பிடிப்பீர்கள், மறுமுனையைச் சித்தப்பா. அதனால்தானே நமக்குத் துணிக்காரர் வூடு என்று பெயர்.

வெட்டு முடிகிறவரை துணி இறங்கக்கூடாது. அதற்குமுன் இறங்கிவிட்டால் அந்த வருஷம் வெட்டு கிடையாது. கட்டியிருக்கும் கிடாக்களையெல்லாம் அவிழ்த்துவிட்டுவிட வேண்டும். தாத்தா காலத்தில் காற்றடித்து ஒருமுறை அப்படி ஆனதாமே. விருந்துக்கு வந்த சம்பந்திகள் எல்லாம் கத்தரிக்காய்க் குழம்பைத் தின்றுவிட்டுப் போனார்களாம், ஊர் ஒரு வருஷம் நம் வீட்டோடு பேசவில்லையாம். அதைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

"எதுக்குப்பா அவருக்கு மட்டும் மறைக்கணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு கண்ணப் பாத்தியா? முழுசா மூடல. பாதி தொறந்திருக்கு. முழுசா மூடியிருந்தார்னா நமக்கு இந்த வேலையே இல்ல" என்றீர்கள்.

"நீங்க பாப்பீங்களாப்பா, வெட்டுறத?"

"நான் எங்க பாக்குறது? சாமி மொகத்தப் பாத்து நிக்கணும், அதான் மொற. கல்யாணத்துக்கு முந்தியேருந்து புடிக்கிறேன், ஒரு கெடா விழுந்து கண்ணால பாத்ததில்ல. கறி மட்டும் ரெண்டு பங்கு வந்துடும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "அதுல கொறச்சல் இல்ல" என்றது எனக்கு இன்னும் கேட்கிறது.

இனிமேல்தான் நான் செய்தது.

போன வருஷம் சித்திரைக் கடைசியில் உங்களைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திருச்சிக்கு மாற்றினார்கள். அம்மா உங்களோடு வந்துவிட்டது. ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டும், லீவு முடிந்தாலும் பள்ளிக்கூடம் போகவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அதற்காக நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொண்டீர்கள் என்று அம்மா சொன்னது. வேண்டாம் அப்பா. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. வந்து உட்கார்ந்திருந்தும் வரவில்லை என்று எழுதப்பட்டவள் நான். ஆடுகள் என் பெயரைக் கூப்பிடாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நீங்கள் திருச்சிக்குப் போன நான்காம் நாள் கறுப்பு ஆடு குட்டி போட்டது. ஒரே கிடாக்குட்டி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி; அதையே பெயராக்கினேன். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்று அம்மா அன்றைக்குத்தான் போனில் சொன்னது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்யலாம், கருப்புக்குக் கிடா நேர்ந்துகொள்ளலாம் என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு நடுப்பகலில் கிளம்பினேன்.

பனைமரத்தடியில் ஐந்தாறு ஆம்பளைகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் போனால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். "என்ன புள்ள, அப்பாவுக்கு எப்படியிருக்கு?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் நடுவே போய் நின்று கருப்பிடம் வாய்விட்டு வேண்ட வேண்டும். என் கால் போகவில்லை அப்பா. உங்கள் உயிர் போய்க்கொண்டிருந்தது, எனக்கு ஐந்து பேர் முன்னால் நடந்துபோக வெட்கம்.

அப்படியே இடதுபக்கம் திரும்பிவிட்டேன். உக்காந்தசாமியிடம் யாரும் இல்லை. குட்டியை அவர் மடியில் வைத்தேன். கல் சுட்டதோ என்னவோ, அது எழுந்து நின்று, பிறகு அந்தக் கைகளுக்குள் சுருண்டுகொண்டது. "எங்கப்பாவக் காப்பாத்துங்க. இது பெருசானதும் உங்களுக்கே வெட்டுறேன்" என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். அவ்வளவு தெளிவாக நான் வேறு யாரிடமும் பேசியதில்லை.

அதன்பிறகு ஒரே ஒருநாள் திருச்சிக்கு வந்து உங்களைப் பார்த்தேன். நேர்ந்த பன்னிரண்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமாதிக்கு முதல்நாள் அம்மா எதையோ தேடி டிரங்குப்பெட்டியைத் திறந்தது. மேலே அந்த வெள்ளைத் துணி மடித்து இருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. யாருக்கு நான் கிடா நேர்ந்தேன்? யார் கண்ணில் ரத்தம் படக்கூடாதென்று நீங்கள் வருஷா வருஷம் கைவலிக்கத் துணி பிடித்து நின்றீர்களோ, அவருக்கு. அவர் முகத்தைப் பார்த்து, அவர் மடியிலேயே வைத்து, உனக்கு ரத்தம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். துணிக்காரர் வீட்டுப் பெண் நான் இதைச் செய்தேன். கருப்பிடம் போயிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களோ? அந்த ஐந்து பேரும் அன்றைக்கு மழையோ வேலையோ என்று வராமல் இருந்திருந்தால்?

குட்டியின் கழுத்தில் நான் கட்டிய மஞ்சள் கயிற்றைச் சித்தப்பா பார்த்துவிட்டார். "நேந்து வுட்டியா?" என்றார். தலையாட்டினேன். "கருப்புக்கா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். "சரி, வேண்டுதல் பலிக்காட்டியும் வுட்டது வுட்டதுதான். தெவசம் முடிஞ்சு அடுத்த ஆடியில கொடுத்துடணும்" என்றார். அன்றிலிருந்து சுட்டி ஊர்க்கிடா. யார் வயலில் மேய்ந்தாலும் அடிக்கமாட்டார்கள். யார் வீட்டிலும் கட்டமாட்டார்கள். எங்கே படுக்கிறது என்று நானும் தேடவில்லை. அதை எதிரில் பார்த்தால் வேறு பாதையில் போய்விடுவேன்.

நான் இப்போது முந்திரி உடைக்கப் போகிறேன், அப்பா. ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் நான்கு ஸ்டாப் தள்ளி ஒரு கொட்டகை. கையில் சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைக்கிறோம். இருந்தாலும் கொட்டைத்தோல் எண்ணெய் பட்டுப் பத்து விரலும் கறுத்துவிட்டன. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. வேலையிடத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒரு வகையில் நிம்மதி.

உங்கள் தெவசம் முடிந்த வாரம் வைகாசிப் பௌர்ணமி. அன்றைக்கு ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார்கள். உக்காந்தசாமியைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பூ வைத்தார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், மூன்று முறை தரையில் நெற்றி பட விழுந்து எழுந்தார்கள். கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை.

"என்னடா இது, சர்ச்சுல மாதிரி மெழுகுவத்தி?" என்றார் பூசாரி மாமா.

"எந்தச் சாமிக்கு எது புடிக்குமோ, உமக்கென்ன மாமா? மீசக்காரருக்குச் சுருட்டு வைக்கிறீரு, யாராச்சும் கேட்டமா?" என்று சித்தப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

வந்தவர்களில் ஓர் அம்மா, பெரம்பலூர்ப் பக்கம் டீச்சராக இருப்பவராம், இவர் புத்தர் என்று சொன்னார். ஒருகாலத்தில் இந்தப் பக்கமெல்லாம் புத்தரைக் கும்பிட்ட சனங்கள் இருந்தார்களாம். இதே மாதிரி சிலைகள் வயலிலும் குளத்தோரத்திலும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றனவாம். மடியில் கையை வைத்து இப்படி உட்கார்ந்திருப்பது தியானமாம். எந்த உயிரையும் கொல்லாதே என்பதுதான் அவர் சொன்னதில் முதல் வார்த்தையாம். சித்தப்பா துணி பிடிக்கிற வழக்கத்தைச் சொன்னபோது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேரு மறந்துபோச்சு, யாருன்னே மறந்துபோச்சு. அவரு முன்னாடி உசுரு எடுக்கக் கூடாதுங்கறத மட்டும் ஊரு மறக்கல பாருங்க" என்று கூட வந்தவர்களிடம் சொன்னார்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "மறக்கல. ஆனா மறைச்சுக்கிட்டோம்" என்றார்.

எல்லோரும் வேனுக்கு நடந்தபோது நான் அந்த அம்மாவின் பின்னாலேயே போனேன். பத்தடி, இருபதடி. அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தப்பா வேண்டிக்கிட்டா கோச்சுக்குவாரா?"

அவர் என் கறுத்த விரல்களைப் பார்த்தார். "அவரு கோச்சுக்கற சாமி இல்லம்மா. சாமியே இல்ல, நம்மள மாதிரி மனுஷன். மூப்பு, நோவு, சாவு மூணையும் பாத்துத் தாங்க முடியாம, இதுக்கு என்னதான் வழின்னு தேடி உக்காந்தவரு. கேட்டா குடுக்கவும் மாட்டாரு, கோவிச்சுக்கிட்டு எடுக்கவும் மாட்டாரு."

நல்ல வார்த்தைதான். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை அப்பா. அப்படியானால் அன்றைக்கு நடுப்பகலில் நான் யாரிடம் பேசினேன்? கோபக்காரர் ஒருவர் இருந்தால் அவர் காலில் விழுந்து மன்னிப்பாவது கேட்கலாம். கேட்க யாருமே இல்லையென்றால் இதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? நீங்கள் போனதற்கு நான் காரணம் இல்லையென்றால், பிறகு எதுதான் காரணம்? அந்த அம்மா சொன்னது சரியா, சித்தப்பா சொல்வது சரியா? நீங்கள் இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்களே, உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா?

மடியில் புழுக்கையைப் பார்த்தது அதற்கப்புறம்தான். சுட்டி ராத்திரிகளில் எங்கே படுக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நான் முதல்நாள் எங்கே இறக்கி வைத்தேனோ அங்கே. வேலைக்கு நேரமாகிவிட்டதால் துடைக்காமல் ஓடிவிட்டேன்.

நேற்று வெட்டு.

முந்தாநாளே அம்மா துணியை ஏரியில் அலசிக் காயப்போட்டிருந்தது. போன வருஷம் நம் வீட்டுத் துக்கத்துக்காக ஊரில் வெட்டே நடக்கவில்லை. இந்த வருஷம் ஒரு முனை சித்தப்பா. உங்கள் முனைக்குத்தான் ஆள் இல்லை. சித்தப்பாவின் பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார்கள். "அந்த முந்திரிக் கெளையில கட்டிப்புடலாம்" என்றார் சித்தப்பா.

"கெள புடிச்சா ஆச்சா? துணிக்காரர் வூட்டு ஆளு புடிக்கணும்" என்றார் பூசாரி மாமா.

"இவ புடிப்பா" என்றது அம்மா. என்னைப் பார்க்காமலே சொன்னது.

கூட்டத்தில் யாரோ, "இதுவா? வணக்கம் சொன்னாலே அழுதுடும், இது எங்கேருந்து புடிக்கப்போவுது" என்றார்கள். சிரிப்பு. என் காது இரண்டும் எரிந்தது. அம்மா துணியின் முனையை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டது. என் விரல் பட்ட இடத்தில் துணி கறுத்துவிடுமோ என்று பயந்தேன். கறுக்கவில்லை.

பீடத்தில் ஏறி அவர் இடது முழங்காலோரம் நின்றேன். கையைத் தலைக்குமேல் தூக்கியும் என் உயரம் போதவில்லை, நுனிக்காலில் நின்றேன். ஊரே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சாமி மொகத்தப் பாரு. தம்பட்டம் நிக்கிற வரைக்கும் வுடாத" என்றார் சித்தப்பா எதிர் முழங்காலிலிருந்து. முதல் வெட்டு நம் கிடாதான் என்று பூசாரி மாமா சொல்வது கேட்டது. சுட்டியின் கழுத்துமணி கேட்டது. அதன் தலையில் மஞ்சத்தண்ணீர் தெளித்து, உடம்பைச் சிலிர்த்துச் சம்மதம் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி அப்பா, முழுசா மூடவில்லை. பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரிகிறது. அந்தக் கண் எங்கேயோ தூரத்தைப் பார்க்கவில்லை. கீழே, தன் மடியைத்தான் பார்க்கிறது. நானும் பார்த்தேன். கைகளுக்குள் அந்தப் புழுக்கை அப்படியே இருந்தது. மேலே புதிதாக இன்னும் கொஞ்சம், ஈரம் காயாமல்.

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. உங்களைக் கொடு, கிடாவைத் தா என்று அவர் கேட்டதே இல்லை. பேசியதெல்லாம் நான்தான்.

"சிலுப்பிடுச்சு! சிலுப்பிடுச்சு!" என்று பின்னால் கத்தினார்கள். தம்பட்டம் மூச்சுவிடாமல் ஏறியது. என் குதிகால் பீடத்தில் பட்டது. கையைத் திறந்தேன்.

துணி சித்தப்பாவின் பக்கமாகச் சரிந்து போய்விட்டது. "ஏ புள்ள! தூக்கு! தூக்கு!" என்றார் அவர். தம்பட்டம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மணிச்சத்தம் மட்டும் முந்திரிக்காட்டுப் பக்கம் ஓடுவது கேட்டது. பிறகு கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல், "போச்சுடா. இந்த வருசமும் கத்தரிக்காதான்" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

நான் துணியின் முனையை இழுத்து எடுத்து, குனிந்து, அவர் மடியைத் துடைத்தேன்.

இனி தினமும் வேலைக்குப் போகும்போது துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன், அப்பா.

இப்படிக்கு,
துணிக்காரர் வீட்டில் இப்போது ஒரு முனை பிடிக்கிற
உங்கள் மகள்